பிள்ளைக்குக் கடை பள்ளிக்கூடமாகுமா?



சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வாசிக்கப்பட்டது. நம் பட்டணத்துப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர், ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக நம் அங்கத்தினர்களின் கடைகளுக்கு அனுப்பலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். புத்தகத்தில் படிக்கும் அளவையும், கணக்கையும், ஊர் வரலாற்றையும் பிள்ளைகள் இந்தக் கடைத்தெருவிலேயே கண்ணால் கண்டு கையால் தொட்டுக் கற்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

கூட்டத்தில் இரண்டு விதமான பேச்சு எழுந்தது. பெரியவர் ஒருவர் எழுந்து, "நாம் மூட்டை தூக்கிப் பட்டது போதும். பிள்ளைகளாவது நாற்காலியில் உட்கார்ந்து படிக்கட்டும். கடை வாசனையே அவர்களுக்கு வேண்டாம்" என்றார். இளையவர் ஒருவர், "ஆள் கிடைக்காத காலம் இது. நாலு பிள்ளைகள் வந்து பொட்டலம் கட்டித் தந்தால் நமக்கும் உதவி, அவர்களுக்கும் படிப்பு" என்றார். சிலர் சிரித்தனர், சிலர் தலையசைத்தனர். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

முதற் பேச்சு நம் உள்ளத்தைத் தொட்டது. ஆனால் இரண்டாவது பேச்சுத்தான் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. அதன் காரணத்தைக் கூச்சமின்றிச் சொல்லிவிடுவது நல்லது.

நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லர். மத்ரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே நம் கல்வி. பதினேழு வயதில் கடல் கடந்து வந்து வேறோர் ஊரில் ஒரு கடையில் வேலைக்கு நின்றோம். அங்கே இரண்டு ஆண்டுகள் மூட்டை அடுக்கினோம், தரை கூட்டினோம், பொட்டலம் கட்டினோம். தராசைத் தொட ஒரு நாளும் அனுமதியில்லை. கணக்குப் புத்தகம் திறந்திருக்கும்போது அருகில் போனால், "உனக்கென்ன அங்கே வேலை?" என்று அதட்டல் வரும். வியாபாரம் கற்றுக்கொள்வாய் என்று சொல்லித்தான் நம்மை அனுப்பி வைத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் நாம் கற்றது கயிறு முடிச்சுப் போடுவது ஒன்றுதான். கண்ணைத் திருட்டுத்தனமாகச் சுழற்றிப் பார்த்துக் கற்றது வேறு கணக்கு.

அந்த முதலாளியை நாம் பல காலம் மனத்துக்குள் ஏசியதுண்டு. நிற்க.

2016-ஆம் ஆண்டு ஆண்டிறுதி விடுமுறை. ஆறாம் வகுப்புத் தேர்வு முடித்த நம் தம்பி மகன் நம் கடைக்கு வந்தான். "சும்மா வீட்டில் கிடக்கிறான், தொழில் பழகட்டும்" என்று தம்பி விட்டுப் போனார். நாமும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டோம். சீனிப் பொட்டலம், பருப்புப் பொட்டலம், மிளகுப் பொட்டலம் என்று நாள் முழுவதும் கட்டினான். ஒரு நாள் மிளகு மூட்டையில் கையை விட்டு அளைந்தபடியே கேட்டான்:

"பெரியவாப்பா, இந்த மிளகு எங்கிருந்து வருது? வெள்ளை மிளகு வேற கொடியா, இதே கொடியா?"

அப்போது சரக்கு லாரி வாசலில் வந்து நின்றிருந்தது. "கேள்வியெல்லாம் பிறகு. கையைப் பார்த்துக் கட்டு" என்றோம். அவன் கட்டினான். பிறகு என்பது வரவேயில்லை. விடுமுறை முடியும் வரை அவன் வேறு கேள்வியும் கேட்கவில்லை. போகும்போது ஐம்பது வெள்ளி கொடுத்தோம். சலாம் சொல்லி வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பின் எந்த விடுமுறையிலும் அவன் கடைப்பக்கம் வரவில்லை.

நாம் ஏசிய அந்த முதலாளிக்கும் நமக்கும் வித்தியாசம் என்ன? அவர் அதட்டினார், நாம் அன்பாகச் சொன்னோம். அவ்வளவுதான். கூட்டத்தில் "பிள்ளைகள் வந்தால் நமக்கும் உதவி" என்ற சொல் காதில் விழுந்தபோது நெஞ்சில் தைத்தது இதனால்தான்.

ஆகவே நம் முன் நிற்கும் கேள்வி கடை நல்லதா, புத்தகம் நல்லதா என்பதன்று. ஒரு பிள்ளை கையால் வேலை செய்யும்போது அது எப்போது கல்வியாகிறது, எப்போது வெறும் சுரண்டலாகிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியைப் பெரியோர்கள் நமக்கு முன்னரே கேட்டிருக்கின்றனர். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்தியாவில் வார்தா நகரில் காந்தியடிகள் ஒரு கல்வி மாநாட்டைக் கூட்டினார். ஏழாண்டுக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகவும், கட்டாயமாகவும், தாய்மொழியிலும் தரப்பட வேண்டும், அதுவும் ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்துத் தரப்பட வேண்டும் என்பது அங்கே எழுந்த கருத்து. பாடத்திட்டம் வகுக்க அமைந்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன். டில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை 1926 முதல் 1948 வரை கட்டிக் காத்தவரும், 1967-இல் இந்தியாவின் குடியரசுத் தலைவரானவரும் அவரே. அக்குழுவில் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா இருந்தார். பின்னர் சேவாகிராமத்தில் அத்திட்டத்தை நடத்திக் காட்டிய ஆரியநாயகம் யாழ்ப்பாணத்துத் தமிழர். ஆதலின் இது நமக்கு அந்நியமான கதையன்று.

பிள்ளை தக்ளியில் நூல் நூற்பான். நூற்ற நூலை அளக்கையில் கணக்கு வரும். பருத்தி எம்மண்ணில் விளைகிறது என்று கேட்கையில் பூமி சாஸ்திரம் வரும். நம் நெசவு எப்படி நசிந்தது என்று கேட்கையில் சரித்திரம் வரும். இதுவே அத்திட்டத்தின் உட்கருத்து. கடல் கடந்த நாடுகளிலும் இதையொத்த முயற்சி நடந்ததுண்டு. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஜான் டூயி என்ற அறிஞர் 1896-இல் தொடங்கிய பள்ளியிலும் பிள்ளைகள் சமைத்தும் நெய்தும் மரவேலை செய்தும் பாடம் கற்றனர்.

ஆனால் வார்தாவில் ஒரு சிக்கல் எழுந்தது. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தை ஈடுகட்டலாம் என்று காந்தியடிகள் நம்பினார். அப்படியானால் பள்ளிக்கூடம் தொழிற்சாலையாகிவிடாதா என்று பலர் அஞ்சினர். ஜாகிர் ஹுசைன் குழு இந்த அச்சத்தை மறைக்கவில்லை. வருமானத்தில் கண் வைத்துக் கல்வி நோக்கத்தைப் பலி கொடுக்கும் ஆபத்து உண்டென்று தன் அறிக்கையிலேயே எச்சரித்தது. ஒரு திட்டத்தை வகுத்தவர்களே அதன் பள்ளத்தையும் சுட்டிக் காட்டியது பெரிய நேர்மையாகும்.

இன்னொரு பள்ளமும் உண்டு. அதை நம் தாயகத் தமிழர் நேரில் கண்டனர். 1953-ஆம் ஆண்டு சென்னை ராஜ்யத்தில் முதலமைச்சர் ராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மிச்சப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரிடம் அவரவர் தொழிலைக் கற்க வேண்டும் என்றனர். கேட்பதற்கு இதுவும் ஊரிலே, கையாலே கற்கும் கல்விதான். ஆனால் வண்ணார் பிள்ளை வெளுக்கவும், குயவர் பிள்ளை மண் பிசையவும், அதிகாரி பிள்ளை மட்டும் அதிகாரியாகவும் இது வழி செய்யும் என்று பெரியார் முதலானோர் கிளர்ந்தெழுந்தனர். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

நம் வாப்பா அப்போது தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எட்டு வயதுப் பையன். பாட்டனார் தறி நெய்தவர். பாதி நாள் பள்ளி முடிந்து வந்து வாப்பா தார் சுற்றிக் கொடுப்பாராம். இழை எண்ணி எண்ணியே பெருக்கல் வாய்பாடு தமக்குத் தண்ணீர்பட்ட பாடாயிற்று என்று பெருமையாகச் சொல்வார். ஆனால் அதே மூச்சில், "தறி எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது. ஆனா, போய் வேற ஏதாவது ஆகுன்னு யாரும் சொல்லலையே" என்பார். அவருடைய பெருமையும் உண்மை, மனக்குறையும் உண்மை. இரண்டையும் ஒருசேர நினைத்துப் பார்க்காமல் இப்பிரச்சினையில் முடிவு காண முடியாது.

எனவே, பட்டது போதும் என்று கூட்டத்தில் சொன்ன பெரியவரின் கவலை வீணானதன்று. கடைக்காரர் பிள்ளையைக் கடைக்குள்ளேயே அடைப்பதற்குக் கல்வி என்ற பெயரைச் சூட்டக் கூடாது. அதே வேளையில், கடை வாசனையே வேண்டாம் என்று பிள்ளைகளை விலக்கி வைத்தால் என்ன ஆகிறது? தன் தகப்பன் உண்ணும் சோறு எந்த வழியாக வருகிறதென்று அறியாத பிள்ளை, சான்றிதழ் பெற்றபின் அத்தகப்பனைப் பார்த்து வெட்கப்படுகிறான். அந்த வெட்கத்தைக் கற்றுக் கொடுத்தவர்களும் நாம்தான்.

இனி, நம் கடைத்தெரு உண்மையிலேயே ஒரு பள்ளிக்கூடமாகும் தகுதியுடையதா என்று பார்ப்போம். நம் தம்பி மகன் அன்று கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

கறுப்பு மிளகும் வெள்ளை மிளகும் ஒரே கொடியின் காய்தான். பச்சைக் காயைப் பறித்து உலர்த்தினால் கறுப்பு. பழுத்ததைத் தண்ணீரில் ஊறவைத்துத் தோல் நீக்கினால் வெள்ளை. இன்று மலேசியாவில் விளையும் மிளகில் மிகப் பெரும்பகுதி சரவாக்கிலிருந்து வருகிறது. ஆனால் ஒரு காலத்தில் இந்த ஜொகூர் மண்ணே மிளகுக்குப் பேர்போனது. 1840-களில் தெமெங்கோங் இப்ராஹிம் ஆற்றங்கரைகளில் பயிர் செய்யச் சீனத் தலைவர்களுக்கு உரிமைச் சீட்டு வழங்கினார். அவர்கள் காட்டை வெட்டி மிளகும் கம்பீரும் சேர்த்துப் பயிரிட்டனர். கம்பீர் இலையைக் காய்ச்சி எடுக்கும் கட்டி வெற்றிலைக்கும் தோல் பதனிடவும் பயன்பட்டது. காய்ச்சிய இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு. 1855-இல் தஞ்சோங் புத்திரி என்ற பெயரில் தோன்றி, 1866-இல் ஜொகூர் பாரு என்று பெயர் பெற்ற நம் பட்டணம் இந்த மிளகு வருவாயில் வளர்ந்ததாகும்.

காங்கார் புலாய், காங்கார் தெப்ராவ் என்று நாம் தினமும் சொல்லும் பெயர்கள் அந்த ஆற்றங்கரைத் தோட்டங்களின் பெயர்களே. நம் பிள்ளைகள் நடந்து திரியும் தான் ஹியோக் நீ சாலை, அந்தக் கம்பீர் மிளகு வியாபாரத்தில் பெருந்தலைவராக இருந்தவரின் பெயரைத் தாங்கியது. 1917-இல் சட்டம் போட்டு அந்த உரிமைச் சீட்டு முறையை ஒழித்தனர். அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. ரப்பரோடு தோட்டங்களுக்கு நம் தமிழ் மக்களும் திரளாக வந்தனர்.

பாருங்கள் சகோதரர்களே! ஒரு கைப்பிடி மிளகுக்குள் பூமி சாஸ்திரமும், சரித்திரமும், நாம் இங்கு வந்த கதையும் அடங்கிக் கிடந்தன. பிள்ளை அதில் கையை விட்டுக் கேட்டான். நாம் லாரியைப் பார்த்தோம்.

தராசின் சேதியும் இப்படித்தான். சந்தையில் வயதானவர்கள் இன்றும் கட்டிக் கணக்கில் கேட்பதுண்டு. ஒரு கட்டிக்குப் பதினாறு தாஹில். நூறு கட்டி ஒரு பிக்குல். ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம். 1972-இல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்தபின் கிலோ நிலைத்தது. கட்டியைக் கிலோவாக மாற்றி விலை சொல்லும் கணக்கைப் பலகையில் பத்து முறை எழுதுவதைவிட, வாசலில் நிற்கும் ஒரு பாட்டிக்கு ஒரு முறை சரியாகச் சொன்னால் பிள்ளை மறக்க மாட்டான்.

மிளகில் பப்பாளி விதை கலப்பவர் உண்டு. ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டால் முற்றிய மிளகு அமிழும், பப்பாளி விதை மிதக்கும். இதைப் பிள்ளையே செய்து பார்க்கலாம். நாம் மத்ரஸாவில் அளவில் குறைப்போரைக் கண்டிக்கும் 'முதஃப்பிஃபீன்' அத்தியாயத்தைச் சிறு வயதிலேயே மனனம் செய்தோம். உஸ்தாத் அவர்கள் பொருளும் சொன்னார்கள். ஆனால் அதன் கனம் விளங்கியது, முதன்முதலாகத் தராசு நம் கைக்கு வந்த நாளில்தான். தட்டில் கட்டைவிரல் சற்றே பட்டால் முள் எவ்வளவு சாய்கிறது என்று கண்ட அன்று உடம்பு சிலிர்த்தது. ஓதியது வீண் என்று நாம் சொல்லவில்லை. ஓதியிராவிட்டால் அந்தச் சாய்வை இலாபம் என்றே எண்ணியிருப்போம். ஏடும் கையும் ஒன்றையொன்று தேடுகின்றன.

இனி ஆட்சேபம் ஒன்று எழலாம். "எந்தத் தொழிலிலும் சலிப்பான வேலை உண்டு. பொட்டலம் கட்டுவதும் பொறுமையைக் கற்றுத் தருகிறதே?" என்பீர்கள். மெய்தான். தார் சுற்றாமல் நெசவு வராது. ஆனால் சுற்றுகிற தார் எந்தத் துணியாகப் போகிறது என்று யாராவது சொல்ல வேண்டும். பிள்ளை தறியில் உட்காரும் நாளும் வர வேண்டும். வேண்டாமென்றால் எழுந்து போகும் வழியும் திறந்திருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத பொறுமை, பொறுமையன்று. அது வேறு வழியில்லாமை.

நாம் வியாபாரிகள். நமக்குப் புரிவது வரவு செலவுக் கணக்கு. ஆகவே அந்தப் பாஷையிலேயே ஓர் அளவுகோலைச் சொல்கிறோம். பிள்ளை நம் கடைக்கு வந்த நாளில் நம் வேலை சீக்கிரம் முடிந்ததா, தாமதமாயிற்றா? ஒரு பிள்ளைக்குத் தராசைக் கொடுத்து நிறுக்கச் சொன்னால் வாடிக்கையாளர் காத்திருக்க நேரும். கேள்விக்குப் பதில் சொன்னால் லாரி காத்திருக்கும். கடன் புத்தகத்தைத் திறந்து, இன்னாருக்கு ஏன் தவணை கொடுத்தோம், இன்னாருக்கு ஏன் மறுத்தோம் என்று விளக்க அரைமணி நேரம் போகும். உண்மையாகக் கற்பிக்கிறவனுக்கு அன்று கொஞ்சம் நஷ்டம் உண்டு. பிள்ளை வந்ததால் நமக்கு இலாபமே வந்ததென்றால், அங்கே கல்வி நடந்ததா என்று ஐயுற வேண்டும். பிள்ளையின் நேரத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவதும் தட்டில் விரல் வைப்பதுதான்.

அரசாங்கச் சட்டமும் இதில் எல்லை வகுத்திருக்கிறது. பிள்ளைகள், இளையோர் வேலை பற்றிய 1966-ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைகள் குடும்பத் தொழிலில் தங்கள் சக்திக்கேற்ற இலேசான வேலை செய்ய இடம் தருகிறது. இரவு 8 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையில் அவர்களை வேலை வாங்கக் கூடாது என்று தடுக்கிறது. ஆனால் எந்தச் சட்டமும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல் என்று நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது. அது நம் மனச்சாட்சியின் பொறுப்பு.

ஆகையால் அடுத்த கூட்டத்தில் அந்த ஆசிரியையின் யோசனையை ஏற்க வேண்டும் என்பது நம் தாழ்மையான கருத்து. ஏற்கும்போது சில ஒழுங்குகளையும் செய்துகொள்வோம். வியாபாரம் மந்தமான பொழுதில் பிள்ளைகள் வரட்டும். ஒரு கடைக்கு நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். விற்பனைக்கான பொட்டலம் ஒன்றையும் அவர்களைக் கட்டச் சொல்லக் கூடாது. தராசும், கணக்கும், சரக்கின் கதையும் அவர்கள் கைக்கு வர வேண்டும். கடைக்காரர் பிள்ளைகள் நம் கடைக்கு மட்டும் வராமல் தையற்கடை, ரொட்டிக் கடை, மருந்துக் கடை என்று வேறு தொழில்களையும் பார்க்கட்டும். தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும், எழுத்தர் பிள்ளையும் நம் கடைக்கு வரட்டும். அப்போது இது குலக்கல்வியாகாமல் ஊர்க்கல்வியாகும்.

பதில் தெரியாத கேள்வியைப் பிள்ளை கேட்டால் என்ன செய்வது என்று சிலர் அஞ்சுகிறார்கள். தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்வதில் நமக்குக் குறைவில்லை. மேலே நாம் எழுதிய மிளகுச் சேதிகளில் பலவற்றை, தம்பி மகன் கேட்ட நாளில் நாமே அறிந்திருக்கவில்லை. அவன் கேள்வி நெஞ்சில் கிடந்து உறுத்தியதால், பின்னர் அவரிவரைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டோம். அந்த வகையில் அந்த விடுமுறையில் பாடம் கற்றவர்கள் நாம்தான்.

இக்கட்டுரை எழுதத் தொடங்குமுன் அவனிடம் தொலைபேசியில் பேசினோம். இப்போது சிங்கப்பூரில் வேலை. அன்று கேட்ட மிளகுக் கேள்விக்குப் பதில் இதுதான் என்று சொல்லத் தொடங்கினோம். "எந்தக் கேள்வி, பெரியவாப்பா?" என்றான். அவனுக்கு நினைவில்லை. இருந்தாலும் முழுவதையும் சொல்லி முடித்தோம். பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "அடுத்த மாசம் வரும்போது கடைக்கு வர்றேன்" என்றான்.

அடுத்த கூட்டத்துக்கு அங்கத்தினர் அனைவரும் தவறாது வந்து கருத்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நம் கடையில் முதற் குழுவை ஏற்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.